எட்டாவது ஆள் வரவில்லை

ஹீமோஃபீலியா என்ற ரத்தம் உறையாக் குறை இருப்பவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. குண்டூசி குத்தினாலே போதும், உடம்பிலுள்ள ரத்தம் முழுவதும் வடிந்துவிடும் என்பார்கள். அது பொய். அதை ஓரமாக வைத்துவிட்டு மேலே போவோம்.

அடிபட்டால் உங்களுக்கு ரத்தம் வரும் அதே வேகத்தில்தான் அவர்களுக்கும் வரும். சின்னக் கீறலை அழுத்திப் பிடித்தால் நின்றும்விடும். ஆனால் பெரிய காயத்தில் ரத்தம் நிற்க நெடுநேரம் ஆகும். கொஞ்சம் நின்றதுபோல் இருந்துவிட்டு மறுபடி கசியும். அதைவிடப் பெரிய தொல்லை, வெளியே தெரியாத கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள் ரத்தம் கசிந்து தேங்கும். ஒரு சொட்டுகூடக் கண்ணில் படாது. மூட்டு வீங்கிச் சூடாகும், காலை மடக்கவும் முடியாது நீட்டவும் முடியாது. ஒரே மூட்டில் இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு அரித்துப்போகும். சரியான மருந்து இல்லாத காலத்தில் பள்ளிப் பருவம் முடிவதற்குள்ளேயே நடக்க முடியாமல் போன பிள்ளைகள் ஏராளம்.

ரத்தம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? அதற்கு முன்னால், உங்களுக்கு அது எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்ததும் முதலில் ஓடிவருபவை தட்டணுக்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். ஹீமோஃபீலியா உள்ளவர்களுக்கும் இந்த வேலை ஒழுங்காகவே நடக்கும். சின்னக் கீறல் அவர்களுக்கும் நிற்பது இதனால்தான். ஆனால் தட்டணுக்கள் போடும் அடைப்பு தற்காலிகமானது. அதன்மேல் ஃபைப்ரின் என்ற நார் வலையாகப் பின்னிக்கொண்டால்தான் அடைப்பு உறுதியாகும். அந்த வலையை உண்டாக்குவதுதான் உறைதல் காரணிகளின் வேலை. மருத்துவமனையில் எல்லோரும் ‘ஃபேக்டர்’ என்றே சொல்வார்கள். இவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் மஞ்சள் நிற நீரில், சும்மா மிதந்துகொண்டிருக்கும் புரதங்கள்.

வீடு கட்டும் இடத்தில் செங்கல் மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கல் கைமாறிக் கைமாறிப் போகும். காரணிகளும் அப்படித்தான். ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். கடைசியில் ஃபைப்ரின் வந்து சேரும். ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே ஒருவர் எழுப்புவது ஒருவரை அல்ல, பலரை. ஆகவே தொடக்கத்தில் சிறு அளவில் நடப்பது முடிவில் பெருவெள்ளமாகிவிடும். 1964இல் இதைக் கண்டு சொன்னவர்களில் இங்கிலாந்தின் மேக்ஃபர்லேன் ஒருவர். அதே ஆண்டில் அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் இதை நீர்வீழ்ச்சி என்றார்கள்.

காரணிகளுக்கு 1 முதல் 13 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவை எண் வரிசைப்படி நிற்பதில்லை, ஏனென்றால் எண்கள் பெரும்பாலும் கண்டுபிடித்த வரிசையில் வந்தவை. இன்னொரு வேடிக்கை, 6 என்ற காரணியே கிடையாது. புதியது என்று நினைத்து 6 என்று எண் போட்டார்கள். பிறகு பார்த்தால் அது விழித்துக்கொண்ட 5தான்! அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

நம் கதைக்கு முக்கியமானவர்கள் எட்டும் ஒன்பதும். இருவரும் வரிசையில் ஒரே இடத்தில் ஜோடியாக நிற்பவர்கள். கல்லைத் தூக்குவது ஒன்பது. அதற்குத் தாங்கல் கொடுப்பது எட்டு. இருவரும் சேர்ந்தால்தான் கல் பத்தாவது ஆளின் கைக்குப் போகும். எட்டு வராவிட்டால் ஹீமோஃபீலியா ஏ. ஒன்பது வராவிட்டால் ஹீமோஃபீலியா பி. எவர் வராவிட்டாலும் கல் அதே இடத்தில்தான் நின்றுபோகும். அதனால்தான் இரண்டு நோய்களும் வெளிப்பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கின்றன. ஏறக்குறைய 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு முதல் வகை வருகிறது. இரண்டாவது இன்னும் அரிது.

ஆண் குழந்தைகளைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு காரணிகளுக்குமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஆண்களுக்கு ஒன்றே ஒன்றுதான். அதற்காகப் பெண்களுக்குத் தொல்லையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிழையான மரபணுவைச் சுமக்கும் பெண்கள் சிலருக்குக் காரணியின் அளவு குறைந்தே இருக்கும். பரம்பரையில் யாருக்கும் இல்லாத வீட்டிலும் இந்த நோய் புதிதாக வரலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படி வருவதுதான். ஆகவே “உங்கள் வீட்டுப் பக்கத்து ரத்தம்தான்” என்று அம்மாவைக் குறை சொல்வதில் நியாயமும் இல்லை, அறிவியலும் இல்லை.

இரண்டு வகை உண்டு என்பது எப்படித் தெரிந்தது? அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் 1947இல் பாவ்லோவ்ஸ்கி என்ற மருத்துவர் ஹீமோஃபீலியா உள்ள இருவரின் ரத்தத்தைச் சோதனைக் குழாயில் கலந்து பார்த்தார். தனித்தனியே வைத்தால் இரண்டும் சீக்கிரத்தில் உறையாது. கலந்ததும் உறைந்துவிட்டது! குறையோடு குறையைக் கூட்டினால் நிறை வருமா? வரும், இரண்டு குறைகளும் வேறு வேறாக இருந்தால். ஒரு வரிசையில் எட்டு இல்லை, இன்னொரு வரிசையில் ஒன்பது இல்லை. இரண்டு வரிசைகளையும் ஒன்றாக நிறுத்தினால் ஜோடி சேர்ந்துவிடுகிறது.

1952இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸும் மேக்ஃபர்லேனும் ஐந்து வயதுப் பையன் ஒருவனின் ரத்தத்தில் இதைத் தெளிவாக நிறுவினார்கள். அவனுக்கு இல்லாதது எட்டு அல்ல, வேறொன்று. பையனின் பெயர் ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ். அவன் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள். அந்தக் கட்டுரையை ஒரு மருத்துவ இதழ் கிறிஸ்துமஸ் வாரத்தில் வெளியிட்டது.

விக்டோரியா மகாராணியின் வம்சத்தில் இந்த நோய் இருந்த கதையை எல்லாப் புத்தகங்களும் சொல்லும். அவர் மகன் லியோபோல்ட் 1884இல் பிரான்சில் வழுக்கி விழுந்து 30 வயதில் இறந்தார். கொள்ளுப்பேரன், ரஷ்ய இளவரசன் அலெக்சேய், மூட்டு வலியில் துடித்தே வளர்ந்தான். ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளை ஆராய்ந்து, அவர்களுக்கு இல்லாதது ஒன்பதாம் காரணிதான் என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். அரண்மனை இருந்தும் மருந்து இல்லை என்பதே அந்தக் கதையில் எனக்குப் படுகிற செய்தி.

இனி மருந்துக்கு வருவோம். காரியம் எளிதுபோலத்தான் தோன்றும். ஆள் வரவில்லையா, வேறொருவரிடமிருந்து ஆளைக் கொண்டு வந்து நிறுத்து. லண்டனில் 1840இல் சாமுவேல் லேன் என்ற மருத்துவர் இதைச் செய்தார். 11 வயதுப் பையன். மாறுகண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தபின் நாள்கணக்கில் ரத்தம் நிற்கவில்லை. வேறொருவரின் ரத்தத்தை ஏற்றினார், நின்றது. பையன் பிழைத்தான். ரத்தத்தில் வகைகள் உண்டு என்பதே உலகத்துக்கு 1901இல்தான் தெரியவந்தது. ஆகவே இதில் மருத்துவரின் துணிச்சலோடு பையனின் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது.

நடுவில் ஒரு பாம்புக் கதை. 1934இல் மேக்ஃபர்லேன் இளம் மருத்துவர். லண்டன் விலங்குக் காட்சிசாலைப் பாம்புகளின் விஷத்தை வாங்கி, எது ரத்தத்தை உறைய வைக்கிறது என்று சோதித்தார். முதலிடம் பிடித்தது நம் வயல்வரப்பில் திரியும் கண்ணாடி விரியன்! அதன் விஷத்தை மிகவும் நீர்க்கச் செய்து, பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சால் ஒற்றினால், ஹீமோஃபீலியா உள்ளவர்களுக்கும் ரத்தம் நின்றது. காரணம் பின்னாளில் புரிந்தது. அந்த விஷம் எட்டையும் ஒன்பதையும் கண்டுகொள்வதே இல்லை. நேராகப் போய்ப் பத்தாவது ஆளை எழுப்பிவிடுகிறது. ஆனால் இதே பாம்பு கடித்தால் கதை தலைகீழ். விஷம் உடம்பு முழுக்கக் காரணிகளைத் தாறுமாறாக எழுப்பித் தீர்த்துவிடும். மிச்சம் இருக்காது, ரத்தம் உறையாது. பாம்பு கடித்து வருபவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று நம் மருத்துவமனைகளில் பார்ப்பது இதற்காகத்தான்.

விஷத்தை மேலே ஒற்றலாம், ரத்தக்குழாயில் ஏற்ற முடியாது. மூட்டுக்குள் கசிந்தால் அது உதவாது. காரணியை உடம்புக்குள் அனுப்பியே ஆக வேண்டும். எவ்வளவு அனுப்புவது? வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம்.

சாதாரணமான ஒருவரின் பிளாஸ்மாவில், ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் காரணியின் அளவை ஒரு யூனிட் என்கிறார்கள். நோய் இல்லாதவரின் அளவு சராசரியாக 100 சதவீதம் என்று வையுங்கள். கடுமையான ஹீமோஃபீலியா என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எட்டாம் காரணியை, ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் வீதம் ஏற்றினால் அளவு 2 சதவீதம் உயரும். 30 கிலோ எடையுள்ள பையனுக்கு முழங்காலில் கசிவு. அவன் அளவை 40 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிலோவுக்கு 20 யூனிட், 30 கிலோவுக்கு 600 யூனிட்.

இந்த 600 யூனிட்டைப் பிளாஸ்மாவாகவே கொடுத்தால் 600 மில்லிலிட்டர் ஆகும். அந்தப் பையன் உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவே ஒன்றேகால் லிட்டர் அளவுதான். அதில் பாதியைக் கூடுதலாக ஏற்றினால் இதயம் திணறும். வெறும் ரத்தத்தையும் பிளாஸ்மாவையும் ஏற்றிப் பார்த்த மருத்துவர்கள் முட்டிக்கொண்டு நின்ற சுவர் இதுதான்.

அந்தச் சுவரில் வாசல் திறந்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜூடித் கிரஹாம் பூல். உறைய வைத்த பிளாஸ்மாவை மெதுவாக, குளிர் குறையாமல் இளகவிட்டால் பையின் அடியில் ஒரு வண்டல் தங்குகிறது. மற்றவர்கள் வீணென்று கொட்டியிருக்கக்கூடிய அந்த வண்டலைப் பூல் ஆராய்ந்தார். எட்டாம் காரணி அதில்தான் குவிந்து கிடந்தது! 1960களின் நடுவில் வெளியான இந்த முறைக்குப் பெரிய ஆலை எதுவும் வேண்டியதில்லை, ரத்த வங்கியில் உள்ள கருவிகளே போதும். ‘கிரையோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது இன்றும் ரத்த வங்கிகளில் தயாராகிறது.

அடுத்து வந்தது பொடி. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கொட்டி, காரணியை மட்டும் பிரித்தெடுத்து, உலர்த்திச் சின்னக் குப்பியில் அடைத்தார்கள். கூடவே வரும் நீரில் கரைத்து ஊசியில் ஏற்ற வேண்டியதுதான். கரைக்கும்போது குலுக்கக் கூடாது, நுரைத்தால் புரதம் கெடும். குப்பியை மெல்லச் சுழற்ற வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். அதுவரை ஆண்டில் பல வாரங்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கு அது விடுதலையாக இருந்தது.

அந்த விடுதலைக்குள்ளேயே ஒரு கொடுமையும் ஒளிந்திருந்தது. ஆயிரம் பேரின் பிளாஸ்மா சேரும் தொட்டியில் ஒருவரிடம் கிருமி இருந்தாலும் தொட்டி முழுவதும் கெடும். 1980களில் எச்ஐவியும் கல்லீரல் அழற்சிக் கிருமியும் இந்தக் குப்பிகள் வழியாகப் பல நாடுகளில் பரவின. அமெரிக்காவின் இண்டியானாவில் ரையன் வைட் என்ற மாணவனுக்கு இப்படி எய்ட்ஸ் வந்தது. பள்ளிக்கூடம் அவனை உள்ளே விட மறுத்தது. வழக்காடித் திரும்ப வகுப்புக்குப் போன அவன் 1990இல், 18 வயதில் இறந்தான். ஆக்ஸ்ஃபோர்டில் சோதித்த சிறுவன் ஸ்டீஃபன் கிறிஸ்துமஸும் வளர்ந்து பெரியவராகி, கனடாவில் பாதுகாப்பான ரத்தத்துக்காகக் குரல் கொடுத்து, 1993இல் எய்ட்ஸால்தான் இறந்தார். பிரிட்டனில் மட்டும் ரத்தம் உறையாக் குறை உள்ள ஏறக்குறைய 1250 பேருக்கு எச்ஐவி தொற்றியது, அவர்களில் சுமார் 380 பேர் குழந்தைகள். அங்கே 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை, இது விபத்தல்ல என்று அரசையும் மருத்துவ அமைப்பையும் நேராகவே குற்றம் சாட்டியது. அந்த அறிக்கைக்கு 40 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்ததுதான் மன்னிக்க முடியாதது.

பிளாஸ்மாக் காரணியைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் முறை 1985 வாக்கில் பரவலானது. இன்றைய குப்பிகள் அன்றைய குப்பிகள் அல்ல; பயப்பட வேண்டாம். இன்னொரு பக்கம், 1984இல் எட்டாம் காரணியின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஹாம்ஸ்டர் என்ற எலி இனப் பிராணியின் செல்களுக்குள் செலுத்தி, அந்தச் செல்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, மனிதக் காரணியைச் சுரக்க வைத்தார்கள். 1992இல் அது மருந்தாக வந்தது. மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்காத முதல் மனித எட்டாம் காரணி அது.

சரி, 600 யூனிட் போட்டாயிற்று. பையன் குணமாகிவிட்டானா? இல்லை. மேலே போட்ட கணக்கைத் தொடருங்கள். எட்டாம் காரணி ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பாதியாகத் தேயும். காலையில் 40, இரவில் 20, மறுநாள் காலை 10, அன்றிரவு 5. வந்து நின்ற ஆள் கூலிக்கு வந்தவர். நேரம் முடிந்தால் போய்விடுவார். ஒன்பதாம் காரணி ஒரு நாள் வரை தாங்கும். ஆனால் அது ரத்தக்குழாயைவிட்டு வெளியேயும் பரவுவதால், அதே உயர்வுக்கு இரண்டு மடங்கு போட வேண்டும்.

இந்தத் தேய்மானத்தை வைத்தே ஸ்வீடனில் ஒரு நல்ல யோசனை பிறந்தது. இங்கா மாரி நில்சன் என்ற மருத்துவர் மால்மோ நகரில் ஒன்றைக் கவனித்தார். காரணி ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ளவர்களுக்குத்தான் அடிபடாமலே மூட்டில் கசிகிறது. இரண்டு, மூன்று சதவீதம் இருப்பவர்களின் மூட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் 100க்கு உயர்த்த ஏன் மெனக்கெட வேண்டும்? ஒன்றுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதுமே! கசிந்தபின் ஊசி போடுவதை விட்டுவிட்டு, கசிவதற்கு முன்பே சீரான இடைவெளியில் போடத் தொடங்கினார். ஆண்டு 1958. அப்படி வளர்ந்த பிள்ளைகள் நேரான கால்களோடு பள்ளிக்குப் போனார்கள். அரச வம்சத்துக் கதையைவிட இந்தக் கதையைத்தான் பாடப்புத்தகத்தில் போட வேண்டும் என்பேன்.

இன்று நீண்ட நேரம் தாங்கும்படி மாற்றிய காரணிகள் வந்துவிட்டன. வாரம் ஒருமுறை போட்டால் போதும் என்னும் வகையும் உண்டு. ஆனாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்காவது, வெளியிலிருந்து வரும் எட்டாம் காரணியை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கும். ஊசி போட்ட காரணியை உடனே அழித்துவிடும். அப்போது எட்டைத் தாண்டிச் செல்லும் வழி வேண்டும். விழித்த நிலையில் உள்ள ஏழாம் காரணி ஒரு வழி. 2017இல் வந்த எமிசிசுமாப் இன்னொரு வழி. அது காரணியே அல்ல. ஒரு கையால் ஒன்பதையும் மறு கையால் பத்தையும் பிடித்து அருகருகே நிறுத்தும் செயற்கைப் புரதம். எட்டாவது ஆள் வராத இடத்தில் அவர் வேலையை மட்டும் செய்துவிடுகிறது. ரத்தக்குழாயைத் தேடிக் குத்த வேண்டாம், தோலுக்கடியில் போட்டால் போதும். விலைதான் தலையைச் சுற்றும்.

ஆளை நிரந்தரமாகவே வேலைக்கு அமர்த்த முடியாதா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் குழு அதை முயன்று பார்த்திருக்கிறது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து பேரின் ரத்தத்திலிருந்து மூலச் செல்களை எடுத்து, எட்டாம் காரணியின் மரபணுவை அவற்றுக்குள் சேர்த்து, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தினார்கள். அந்தச் செல்கள் காரணியைச் செய்யத் தொடங்கியபின் ஐவருக்கும் கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். இது முதல் படிதான். அந்த ஐவரும் பெரியவர்கள், சிகிச்சையும் கடினமானது. சிறுவர்களுக்கு இன்னும் பல ஆண்டு ஆராய்ச்சி வேண்டும்.

அதுவரை ஃபேக்டர்தான். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதை இலவசமாகவே போடுகிறார்கள். போடும் நேரம்தான் முக்கியம். கசிவு தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் மூட்டு தப்பிக்கும்.

உங்கள் வகுப்பில் ஹீமோஃபீலியா உள்ள பையன் இருந்தால் அவனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீச்சலும் சைக்கிளும் அவனுக்கு நல்லவை. முட்டி மோதும் கபடி வேண்டாம். தலைவலி என்றால் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அது தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். வீக்கம் வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். மூட்டுக்குள் குறுகுறு என்று இருக்கும். “முழங்கால் என்னமோ மாதிரி இருக்குடா” என்று அவன் சொன்னால், பாடம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுந்து போய் டீச்சரிடம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், வலி இல்லை என்று அவனே சொன்னாலும் சொல்லுங்கள்.